கிணற்றுக்குத் தெற்கே பன்னிரண்டடி

1958 டிசம்பர் 3, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவு பெய்த மழை நின்றிருந்தது. ஏழரைக்கு மூன்று இட்லி, முந்தைய நாள் குழம்பு. ஒன்பது இருபதுக்கு வீட்டைப் பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பி, செங்கல்பட்டு ஏரிக்கரையோரமாக நடந்து, ஒன்பது ஐம்பதுக்கு மராமத்து அலுவலகம் சேர்ந்தேன். முதல் வேலை சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. தினமும் சாவி கேட்கும் பழைய கடிகாரம் அது. படம் வரைபவர்களுக்குத் தலைவரான ஹெட் டிராப்ட்ஸ்மேனைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. பிறகு மூன்று பென்சில்களைச் சீவி, கோடிழுக்கும் பேனாவைத் துடைத்து, ஒரு மதகுப் படத்தில் உட்கார்ந்தேன். பத்து நாற்பதுக்குத் தபால் வந்தது. அதில் ஒரு தகரக் குழாய் இருந்தது. குழாய்க்குள் சுருண்டிருந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த ஒரு படம்.

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு மீனவர் குப்பத்துக்குப் பிரியும் சிறு சாலையின் படம் அது. சாலையை இப்போது கெட்டிப்படுத்தப் போகிறார்களாம். மூலப் படம் மங்கிவிட்டதால் புதிதாகப் படியெடுத்து அனுப்பும்படி கடிதம் சொன்னது. மேஜையில் விரித்து நான்கு மூலைகளிலும் ஈயக் கட்டிகளை வைத்தேன். வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு பெட்டி. அதில் மூன்று அறைகள். அளவை, கணக்கு, வரைவு. அளவை எடுத்தவரின் முதலெழுத்துகள் முதல் அறையில். மற்ற இரண்டிலும் என்னுடையவை. வரைந்தது நான்தான். கணக்கு என்னுடையது அன்று.

கணக்குப் போட்டவரை இரண்டாம் மேஜைக்காரர் என்றே இங்கே குறிக்கிறேன். என் நாட்குறிப்புகளிலும் அவர் அப்படித்தான் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். திருப்போரூர்ப் பக்கத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம், கிறிஸ்தவர்கள், மிஷன் பள்ளியில் படித்தவர். எங்கள் அலுவலகத்துக்குச் சங்கிலி பிடிக்கும் செயின்மேனாக வந்தார். பேருந்தில் போகும்போதும் வரும்போதும் படித்து, தனியாகப் பரீட்சை எழுதி இன்டர்மீடியட் தேறினார். திருக்கழுக்குன்றத்தில் கோவில் ஊழியம் பார்த்த குடும்பத்தில் பிறந்த நான் பதினெட்டு ஆண்டுகளில் நகர்ந்த தூரத்தை அவர் ஆறு ஆண்டுகளில் கடந்து, என் பக்கத்து மேஜையில் வந்து உட்கார்ந்தார். உட்காரும் விதமே எனக்குப் பிடிக்காது. கால் விரல்களுக்கிடையே மணல் இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் வேர்க்கடலை. அதன் சிவந்த தோல் வரைதாளின்மேல் பறந்து வந்து என் ஈர மைக் கோட்டில் ஒட்டும். எழுத்தோ, சேற்றில் கொக்கு நடந்ததுபோல இருக்கும். இவ்வளவு இருந்தும், தொல்லை பிடித்த வேலை எதுவானாலும் இன்ஜினீயர் கதவைத் திறந்து அவரைத்தான் கூப்பிடுவார். "இங்க வாய்யா, இத கொஞ்சம் பாரு" என்று அவர் குரல் கேட்கும்போதெல்லாம் என் பேனா ஒரு கணம் நிற்கும். நின்ற இடத்தில் மை தடித்துவிடும். அப்படித் தடித்த கோடுகளை இன்றும் பழைய படங்களில் என்னால் காட்ட முடியும்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அலுவலகப் பானையிலிருந்து அவரும் தண்ணீர் எடுத்துக் குடிக்கத் தொடங்கிய வாரம், நான் வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினேன். வயிறு சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரே ஒரு நாள் அவர், "வவுறு இன்னும் சரியாவலையா சார்? ரெண்டு வருசமாச்சே" என்று கடலையை மென்றுகொண்டே கேட்டார்.

1953 தொடக்கத்தில் அப்போதைய ஹெட் டிராப்ட்ஸ்மேன் ஓய்வுபெற இருந்தார். அந்த நாற்காலிக்கு முறைப்படி அடுத்தவன் நான். ஆனால் இன்ஜினீயரின் சொல்லுக்கு மேலிடத்தில் மதிப்பு உண்டு என்பதும், அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் குப்பத்துச் சாலை வேலை வந்தது. குப்பத்தின் இரண்டு வீட்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதன் வாயிலிருந்து கடற்கரைச் சாலைக்கு நேர்கோட்டில் ஒரு பாதை போட வேண்டும். பெரிய சாலையை அது செங்கோணத்தில் சந்திக்க வேண்டும் என்பது விதி. கொடுத்த ஒரு புள்ளியிலிருந்து கொடுத்த ஒரு கோட்டுக்குச் செங்குத்து இழுப்பது, பள்ளிக்கூடத்து வேலை. கிராமப் படத்தை விரித்தேன். மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தைச் சாலையின்மேல் வைத்து, மறுபக்கம் சந்தின் வாயைத் தொடும்வரை நகர்த்தி, ஊசி நுனியாகச் சீவிய பென்சிலால் கோட்டை இழுத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் கோடு அதே இடத்தில் விழுந்தது. குப்பத்துக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றின் நடுவே போயிற்று.

கிணற்றை மூட வேண்டும் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டார். "கொஞ்சம் சாய்ச்சிக்கக்கூடாதாய்யா? ஒரு பாகை சாய்ஞ்சா எவன் பாக்கப் போறான்?" என்றார். செங்கோணம் என்றால் தொண்ணூறுதான், எண்பத்தொன்பது செங்கோணம் ஆகாது என்று சொன்னேன். என் குரலில் பெருமை இருந்தது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, நாளைக்கு இடத்தைப் போய்ப் பார்ப்போம் என்றார். இரண்டாம் மேஜைக்காரரையும் வரச் சொன்னார்.

1953 மார்ச் 11, புதன்கிழமை. சதுரங்கப்பட்டினம் போகும் பேருந்தில் சென்று, கால் மைல் மணலில் நடந்து பத்தரைக்குக் குப்பம் சேர்ந்தோம். செய்தி எங்களுக்கு முன்பே போயிருந்தது. கிணற்றடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடங்களோடு நின்றார்கள். தலையில் மீன் கூடைச் சும்மாடு கலையாத ஒருத்தி முன்னால் வந்து, என் கையிலிருந்த படச் சுருளைப் பார்த்து, "இன்னா சார், கெணத்த மூடப் போறியாமே? அப்பறம் நாங்க கடல் தண்ணியவா குடிக்கறது? ரோட்டு மேல நடந்து போயி?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். வேறு கிணறு தோண்டித் தருவார்கள் என்றேன். "எங்க தோண்டுவ? இங்கத் தவிர எங்க தோண்டினாலும் உப்புக் கரிக்குது. எங்க மாமனாரு காலத்துல நாலு எடம் தோண்டிப் பாத்தாச்சு" என்றாள். இன்ஜினீயர் என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன்.

இரண்டாம் மேஜைக்காரர் இதில் எதிலும் இல்லை. கரையேற்றிக் கிடந்த ஒரு கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து, அளவைப் புத்தகத்தை முழங்காலில் வைத்து, கடலை மடித்து வந்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். பிறகு எழுந்து வந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி என்னிடம் மட்டும் சொன்னார்: "கோச்சிக்காதீங்க சார். உங்க கோடு செங்கோணம் இல்ல."

அவர் என்னிடம் மட்டும் சொன்னார் என்பதை இன்று எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அன்று நான் அதை எல்லோருக்கும் கேட்கும்படி ஆக்கினேன். "இருபத்தோரு வருஷமா மூலைமட்டம் பிடிக்கறவன்ய்யா நான்!" என்று கத்தினேன். இன்ஜினீயர் அருகே வந்து தாளை வாங்கிக்கொண்டார்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். சாலையோரத்து எல்லைக் கல் ஒன்றைத் தொடக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். கிழக்கே போகும் தூரம் x, வடக்கே போகும் தூரம் y. சங்கிலியால் அளந்த கணக்கில், அந்தக் கல்லிலிருந்து சாலை கிழக்கே ஓரடி நகர்ந்தால் வடக்கே மூன்றடி ஏறியது. ஆகவே சாலையின் சாய்வு மூன்று. அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வை மூன்றோடு பெருக்கினால் கழித்தல் ஒன்று வர வேண்டும். ஆகவே அது கழித்தல் மூன்றில் ஒன்று. அதாவது கிழக்கே மூன்றடி போனால் தெற்கே ஓரடி இறங்கும். ஆகவே அந்தக் கோட்டின் எந்த இடத்திலும் x-ஓடு மூன்று மடங்கு y-ஐக் கூட்டினால் ஒரே எண்தான் வரும். சந்தின் வாய் கல்லிலிருந்து கிழக்கே 1300 அடி, வடக்கே 300 அடி. அந்தக் கோடு அந்தப் புள்ளி வழியே போக வேண்டுமானால், 1300-ஐயும் மூன்று முந்நூறுகளையும் கூட்டு. கடைசி வரியில் x + 3y = 2200 என்று கொக்குக்கால் எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். மூலைமட்டம் இல்லை, பென்சில் நுனி இல்லை, படமே இல்லை. கிணற்றின் இடத்தையும் அதே வகையில் வைத்துப் பார்த்திருந்தார். கோடு கிணற்றுக்குத் தெற்கே பன்னிரண்டடி தள்ளிப் போனது.

"படம் எப்படிய்யா பொய் சொல்லும்?" என்று இன்ஜினீயர் கேட்டார். "தெரில சார். ஆனா படத்துல வடக்கால போற கல்லுங்க எல்லாம் கொஞ்சம் கிட்டக் கிட்டக் கீது. நான் சங்கிலிய இஸ்துக்கினு நடந்தவன். அவ்ளோ கிட்டக் கெடையாது" என்றார். சரி, தரையிலேயே பார்த்துவிடலாம் என்று இன்ஜினீயர் சொல்ல, கணக்குச் சொன்ன இடத்தில், சாலையின்மேல் ஒரு முளை அடித்தோம். அதிலிருந்து சாலையோடு முப்பதடி, கோட்டின் வழியே நாற்பதடி. இரண்டு முனைகளுக்கும் நடுவே சரியாக ஐம்பதடி வந்தால் செங்கோணம். சங்கிலியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். ஐம்பது வந்தது. என் கோட்டுக்கும் அதே சோதனையைச் செய்யும்படி நானே கேட்டேன். ஐம்பதுக்குச் சற்றுக் குறைந்தது. சங்கிலி மணலில் புதைந்திருக்கும் என்று இன்னொரு முறை இழுக்கச் சொன்னேன். முகம் மாறாமல் இழுத்தார். அதே அளவு. கொடிகளை நட்டபோது, பாதையின் ஓரத்துக்கும் கிணற்றின் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே மூன்றடி இடம் இருந்தது. குடத்தோடு ஒருத்தி நிற்கலாம். சும்மாட்டுக்காரி உடனே அந்த இடத்தில் போய் நின்று காட்டினாள். "பத்துது நைனா, பத்துது!" என்று இரண்டாம் மேஜைக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, புதிதாக இறைத்த நீரைச் சொம்பில் மொண்டு முதலில் அவருக்குக் கொடுத்தாள். பிறகு அதே சொம்பை எனக்கு நீட்டினாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. குடித்தேன். இனிப்பான தண்ணீர். கூஜாவைப் பேருந்தில் மறந்துவிட்டேன் என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். மறக்கவில்லை. அது என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பாதிக்குமேல் தண்ணீரும் இருந்தது. ஏன் அந்தச் சொம்பை வாங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அலுவலகம் திரும்பியதும் கிராமப் படத்தின் எல்லைக் கட்டத்தை அளந்தேன். கிழக்கு மேற்காக இருபது அங்குலம், சரி. வடக்கு தெற்காக இருபத்தைந்து இருக்க வேண்டும். இருபத்து நான்கரை இருந்தது. படம் ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் சுருங்கிய தாளில் மூலைமட்டம் காட்டும் செங்கோணம் தரையில் செங்கோணம் ஆகாது. பழைய தாள், வயதாகிச் சுருங்கிவிட்டது என்று இன்ஜினீயரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

அன்று மாலை வீட்டில் என் மனைவி ரவிக்கைத் துணியை வாளியில் நனைத்துக்கொண்டிருந்தாள். புதுத் துணியை ஏன் நனைக்கிறாய் என்று கேட்டேன். "நனைக்காமத் தெச்சா அப்பறம் நீளத்துல சுருங்கிடாதா? இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கிராமப் படத்தை முந்தைய ஆண்டு நான்தான் துணியில் ஒட்டினேன். ஓரங்கள் கிழிந்து கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல், யாரும் கேட்காமலே, புதிதாக மல் துணி வாங்கி, மைதாப் பசை காய்ச்சி, ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டி, வெயிலில் காயவைத்தேன். அலுவலகத்திலேயே அழகான படம் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். துணியை நனைக்கவில்லை. பசையின் ஈரத்தில் துணி நீளவாக்கில் சுருங்கி, தாளையும் தன்னோடு இழுத்துக்கொண்டது. படத்தைக் கெடுத்தது வயது அல்ல, என் ஒழுங்கு. மனைவியிடம் சொன்னேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "ஆபீசுல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப சரி" என்றாள். என் பக்கம் நின்று சொன்ன வார்த்தைதான் அது. ஆனாலும் ஆறுதலாக இல்லை.

மறுவாரம் படத்தைப் புதிதாக வரையச் சொல்லி உத்தரவு வந்தது. மேலிடத்துக்குப் போகும் படம் என்பதால், எழுத்தழகுக்காக என்னிடமே கொடுத்தார்கள். அவருடைய சமன்பாட்டை வைத்து இரண்டு புள்ளிகளைக் குறித்து, நடுவே கோடு இழுத்தேன். வாழ்க்கையில் நான் இழுத்த கோடுகளில் அதைப்போல் மெல்லியது வேறில்லை. பிறகு மூலைப் பெட்டிக்கு வந்தேன். வரைவு என்ற அறையில் என் முதலெழுத்துகளை எழுதினேன். பேனாவைத் துடைத்தேன். மறுபடி மை தோய்த்து, கணக்கு என்ற அறையிலும் அவற்றையே எழுதினேன். அவருடைய எழுத்துகள் அந்தப் பெட்டியில் ஏறினால் அந்தக் கடிகாரத்தின் சாவியும் அவர் கைக்குப் போய்விடும் என்று தோன்றியது, அவ்வளவுதான். கணக்குத் தாள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அது என் நாட்குறிப்புக்குள் இருந்தது.

படம் மேலே போவதற்கு முந்தைய நாள் அவர் என் மேஜைக்கு வந்து, கடலைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எழுத்து ஜோரா கீது சார்" என்றார். பிறகு, "ஆனா ரெண்டு ரூம்புலயும் ஒரே ஆளு குடியிருக்காரே? வாடகைக்கு வுட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஜூன் மாதம் நான் ஹெட் டிராப்ட்ஸ்மேன் ஆனேன். அடுத்த ஆண்டே அவர் வேறொரு பரீட்சையும் எழுதித் தேறி, அணை வேலைக்கு மேற்பார்வையாளராகப் போய்விட்டார். விடைபெறும் நாளில் எல்லோருக்கும் கடலைப் பொட்டலம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

இந்த ஐந்து ஆண்டுகளில் சாலைகளைப் பார்வையிட அந்தப் பக்கம் நான்கு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சும்மாட்டுக்காரி கிணற்றடியிலிருந்து குரல் கொடுப்பாள்: "வேர்க்கல்ல சாரு வர்லியா?" இல்லை என்றால் முகம் சுருங்கும். போன முறை அவளோடு புதிதாக மணமாகி வந்த ஒரு பெண் இருந்தாள், இவர் யார் என்று அவள் கேட்க, "இவுரா? கெணத்த மூட வந்தாரே, அவுருதான்" என்று அறிமுகம் செய்தாள். எனக்கு நாற்காலி கிடைத்தது, சாவி கிடைத்தது, படத்தில் இரண்டு அறைகள் கிடைத்தன. ஆனால் குடத்தோடு அந்த மூன்றடி இடத்தில் நிற்கும் யாரும் என்னை நினைப்பதில்லை. நினைத்தால் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் மேல் எனக்கிருந்த பொறாமை, நாற்காலி என்னிடம் வந்ததும் ஆறிவிடும் என்று நினைத்தேன். அது நாற்காலியைப் பற்றியதே அல்ல. பத்து நிமிடத்தில், கட்டுமரத்தில் உட்கார்ந்து, கடலைத் தாளில், தரை எப்படி இருக்கிறதோ அப்படியே அதை எழுத முடிந்ததே, அதைப் பற்றியது. நான் தரையைப் பார்த்ததே இல்லை. துணியில் ஒட்டிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் படியெடுப்பு முடிந்தது. மூலைப் பெட்டி மட்டும் மிச்சம். பழைய படத்தில் இருப்பதை அப்படியே படியெடுப்பதுதான் விதி. படத்தை ஈயக் கட்டிகளுக்கு அடியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, 1953 நாட்குறிப்பைத் திறந்தேன். மார்ச் 11 பக்கத்தில் காலண்டர் தாள் இருந்தது. மடிப்பில் இன்னும் ஒரு துண்டு கடலைத் தோல். காப்பி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் இத வெச்சிருக்கீங்களா? தூக்கிப் போடவும் மாட்டீங்க, குடுக்கவும் மாட்டீங்க" என்றாள். இரவு எட்டரைக்குச் சாப்பாடு. ஒன்பதுக்குப் படுக்கை.

டிசம்பர் 4, வியாழக்கிழமை. ஒன்பது ஐம்பதுக்கு அலுவலகம் சேர்ந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த தாளைப் படத்தின் பக்கத்தில் விரித்து, புது முள்ளைப் பேனாவில் செருகி, கணக்கு என்ற அறையில் அவருடைய முதலெழுத்துகளை எழுதினேன். அதற்குக் கீழே சிறியதாக x + 3y = 2200. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு உயரம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே தடிமன். இருபத்தாறு ஆண்டுகளில் என் கை இவ்வளவு அழகாக எழுதியதில்லை. அவர் பெயரை அவரால்கூட இப்படி எழுத முடியாது என்று நினைத்துக்கொண்டு, மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.